கைக்குள் ஒரு போர்க்களம்



“எங்கள் பையன் பள்ளி விட்டு வந்ததும் கையில் ஒரு சிறு பெட்டியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறான், சாமி. வாளும் வேலும் குதிரையும் கோட்டையுமாக அதில் ஓயாத சண்டை. இது நல்லதா, கெட்டதா?” என்று காஞ்சிபுரத்துப் பெற்றோர் பலர் கேட்பதுண்டு. கேட்பவர்களுள் தறியில் அமர்ந்து காலம் கழித்தவர்களும் உளர். அலுவலகம் செல்வோரும் உளர். கவலை இரு சாரார்க்கும் ஒன்றே.

“கெட்டது, பிடுங்கி எறியுங்கள்” என்று ஒரே வரியில் விடை பகர்ந்துவிடலாம். ஆனால், எளிய விடை எப்போதும் நேரிய விடையாக அமைவதில்லை. ஒன்றைத் தள்ளுவதாயினும் கொள்ளுவதாயினும், அது இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வதே அறிவுடைமை. ஆகவே, இம்மாதம் அச்சிறு பெட்டியைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

1989ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. 2001இல் அதன் வழித்தோன்றலாகிய ‘கேம் பாய் அட்வான்ஸ்’ வந்தது. 2004இல் அதே நிறுவனத்தின் ‘டிஎஸ்’ கருவியும், சோனி நிறுவனத்தின் ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ கருவியும் வந்தன. இவற்றின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஆயினும், இவற்றுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் மறையவில்லை. ‘எமுலேட்டர்’ என்னும் மென்பொருள் அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறது.

எமுலேட்டர் என்பது யாது? பட்டு நெய்யும் ஊரில் இதை விளக்குவது எளிது. சேலையின் கரையில் அன்னமும் மயிலும் வரிசையாக எழுவதைப் பார்க்கிறோம். தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோக்கப்பட்டிருக்கின்றன. துளை இருக்கும் இடமும் இல்லாத இடமும், எந்தப் பாவு நூல் எழ வேண்டும், எது அமிழ்ந்திருக்க வேண்டும் என்று தறிக்குக் கட்டளையிடுகின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து நெசவாளர் ஒருவரின் மகனாகிய ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய அமைப்பு இது. பிற்காலத்தில் கணிப்பொறிக்குக் கட்டளை கொடுத்த துளை அட்டைகளுக்கு முன்னோடியும் இதுவே.

இப்போது ஒரு பழைய தறி உடைந்துபோயிற்று. அதற்குரிய அட்டைக் கட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு புதிய தறியை, அந்தப் பழைய தறியைப் போலவே நடந்துகொள்ளுமாறு பழக்கிவிட்டால், அதே அன்னம் புதிய தறியிலும் நீந்தும். அட்டைக் கட்டுதான் விளையாட்டு. பழைய தறியின் நடையைக் கற்றுக்கொண்ட புதிய தறிதான் எமுலேட்டர். விளையாட்டின் பிரதியைச் சிறுவர்கள் ‘ரோம்’ என்கிறார்கள். நம் திருத்தந்தை வாழும் நகரத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை! அன்பெர்னிக், மியூ முதலிய சீன நிறுவனங்கள் இதற்கென்றே சிறு கருவிகள் செய்து விற்கின்றன. சாதாரணக் கைப்பேசியிலும் எமுலேட்டர் இயங்கும். ஆப்பிள் நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் தன் கடையிலும் இத்தகைய மென்பொருள்களுக்கு இடமளித்தது.

அவர்கள் ஆடும் போர்

இவ்விளையாட்டுகளுள் இடைக்கால ஐரோப்பாவை ஒத்த உலகில் நடைபெறும் போர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. எடுத்துக்காட்டாக, 1990இல் ஜப்பானில் தொடங்கி, 2003இல் கேம் பாய் அட்வான்ஸ் வழியாக முதன்முறை பிற நாடுகளுக்குச் சென்ற ‘ஃபயர் எம்ப்ளம்’ என்னும் தொடரைக் கூறலாம். கட்டம் கட்டமாக வகுத்த களத்தில், ஒருவர் நகர்த்தி முடித்த பின்னரே மற்றவர் நகர்த்த வேண்டும். வாள் கோடரியை வெல்லும். கோடரி ஈட்டியை வெல்லும். ஈட்டி வாளை வெல்லும். காட்டுக்குள் நிற்பவனுக்குக் காப்பு மிகுதி. ஆயுதம் குறிப்பிட்ட முறைகள் பயன்பட்டதும் முறிந்துபோகும். இவை அனைத்தையும்விட முக்கியமான ஒன்று உண்டு. களத்தில் நிற்கும் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பெயர், ஒரு முகம், ஒரு வரலாறு இருக்கிறது. அவன் மாண்டால் மாண்டவனே, அடுத்த களத்துக்கு அவன் வருவதில்லை.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் மற்றொரு தொடரின் ‘ஏஜ் ஆஃப் கிங்ஸ்’ 1999இல் கணிப்பொறிக்கு வந்தது. 2006இல் டிஎஸ் கருவிக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. படை நடத்துவதற்கு முன் வயல் உழவேண்டும், பொன் அகழவேண்டும், கல்விக்கூடம் கட்டவேண்டும். டிஎஸ் பதிப்பில் புனித ஜோன் ஆஃப் ஆர்க், சலாதீன், அரசர் ரிச்சர்டு, செங்கிஸ்கான், ஜப்பானிய வீரர் யோஷிட்சுனே ஆகியோரின் போர்கள் இடம்பெற்றுள்ளன. கணிப்பொறிப் பதிப்பில் துறவியரும் உண்டு! அவர்கள் கைகளை உயர்த்தி ஓதினால் எதிரியின் வீரன் நிறம் மாறி நம் பக்கம் சேர்ந்துவிடுவான். மனமாற்றம் இத்துணை விரைவில் நடக்குமாயின் பங்குக் குருக்களின் பணி எவ்வளவு இலேசாகிவிடும்! 2022ஆம் ஆண்டில் இதே விளையாட்டில் ‘திராவிடர்’ என்ற பெயரில் நம்மவரும் இடம்பெற்றனர். இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் அதில் ஆட்டமாகியுள்ளன.

பழைய வழக்கே இது

போரைப் பலகையில் ஆடுவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையும் கொண்ட சதுரங்கம் நம் நாட்டில் பிறந்து, பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் சென்று, இடைக்காலத்தில் ஐரோப்பாவை அடைந்தது. நம் யானைக் காய் ஆங்கிலேயரிடம் போனதும் ‘பிஷப்’, அதாவது ஆயர், ஆகிவிட்டது. 2022ஆம் ஆண்டு சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடந்ததை நாம் அறிவோம். வேட்டி கட்டிய குதிரையாகிய ‘தம்பி’ அப்போட்டியின் சின்னமாய்ச் சுவரெங்கும் கைகூப்பி நின்றது.

அதனினும் எளிய ஆட்டம் ஆடு புலி ஆட்டம். பழைய கோயில் மண்டபங்களின் கல் தரையில் அதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாவி ஆட்டைக் கொல்லும். ஆடு எவரையும் கொல்லாது. ஆயினும், ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாய் நெருங்கி நின்றால் புலி அசைய வழியின்றி அடைபட்டுப்போகும். வலியவனை எளியவர் கூடி நின்று தடுக்கலாம் என்பதை ஒரு கல்லும் கரித்துண்டும் கொண்டு நம் முன்னோர் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

திருச்சபையும் இவ்வகை ஆட்டங்களைக் குறித்து நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் புனித பீட்டர் தமியான், ஃபிளாரன்சு நகரத்து ஆயர் சதுரங்கம் ஆடிப் பொழுது போக்கியதற்காக அவரைக் கடிந்துகொண்டார். திருப்பாடல்கள் முழுவதையும் மும்முறை ஓதவும், ஏழையர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவி அவர்களுக்குப் பொருளுதவி செய்யவும் பரிகாரம் விதித்தார். ஆனால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த தொமினிக்கன் துறவி யாக்கோபு தெ செசோலிஸ் அதே சதுரங்கத்தைக் கொண்டு அரசன் முதல் உழவன் வரை ஒவ்வொருவரின் கடமையையும் விளக்கி நூல் எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் அவிலா நகர்ப் புனித தெரேசா, தம் கன்னியர்க்குச் செபத்தைப் பற்றி எழுதும்போது சதுரங்கத்தையே உவமையாகக் கையாண்டார். 1944இல் அவர் ஸ்பெயின் நாட்டுச் சதுரங்க ஆட்டக்காரர்களின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

ஒரு புனிதர் கண்டித்ததை இன்னொரு புனிதை எடுத்தாண்டாரே, இது முரணன்றோ என்று கேட்கலாம். முரணன்று. தமியான் கண்டித்தது கடமையுள்ள ஒருவர் தம் கடமைக்குரிய பொழுதை ஆட்டத்துக்குக் கொடுத்ததை. தெரேசா போற்றியது ஆட்டம் மனத்துக்குக் கற்பிக்கும் கூர்மையை. ஆகவே, “ஆட்டம் நல்லதா, கெட்டதா?” என்பதைவிட, “யார், எப்போது, எதற்காக, எவ்வளவு ஆடுகிறார்?” என்பதே பொருத்தமான கேள்வி.

ஒப்புக்கொள்ள வேண்டிய நன்மைகள்

நேர்மையாகப் பேசுவதாயின், இவ்வாட்டங்களிடம் நன்மையும் உண்டு. முதலாவதாக, இவை பதற்றத்தை வளர்ப்பவையல்ல. ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நிமிடம் எண்ணினாலும் எதிரி காத்திருப்பான். முன்பின் பார்த்து, விளைவை எடைபோட்டுச் செயல்படும் பழக்கம் எத்தொழிலுக்கும் வேண்டியதே.

இரண்டாவதாக, இப்பழைய ஆட்டங்களில் பணம் வைத்தாடுதல் இல்லை. முகமறியா அந்நியர் பேச்சுக்கு வருவதில்லை. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கடனாளியாயின, உயிர்களும் மாய்ந்தன. அதனாலேயே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அத்தீமையையும் இச்சிறு பெட்டியையும் ஒரே தட்டில் நிறுப்பது நீதியாகாது.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காஞ்சிப் பட்டின் கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்வது அரிது. உடலும் கரையும் வேறு வேறு நிறம், மூன்று நாடாக்கள், நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க உதவியாள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த உதவியாள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு சிறுவனோ சிறுமியோதான். 1986ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் பலரும் ஆற்றிய தொண்டும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. தறிக்குழியின் ஓரத்தில் தம் பிள்ளைப் பருவத்தைக் கழித்த தந்தைக்கு, மகன் சும்மா உட்கார்ந்து விளையாடுவது எரிச்சல் தருவது இயல்பே. ஆனால், ஐயா, உமக்குக் கிடைக்காத விளையாட்டு நேரம் உம் மகனுக்குக் கிடைத்திருப்பது உமது உழைப்பின் கனியன்றோ? அதைக் குற்றமாகப் பாராமல், நல்வழியில் செலவிடக் கற்பிப்பதே முறை.

முதல் கேடு: மீளும் போர்

இனிக் கேடுகளைப் பார்ப்போம். எமுலேட்டரில் ஒரு வசதி உண்டு. ஆட்டத்தின் எந்த நொடியையும் அப்படியே சேமித்து வைத்துக்கொள்ளலாம். வீரன் ஒருவன் மாண்டால், ஒரு பொத்தானை அழுத்தி அவன் சாகுமுன் இருந்த நொடிக்குத் திரும்பிவிடலாம். ஆட்டத்தை ஆக்கியோர், “மாண்டவன் மீளான்” என்று வைத்த விதியின் நோக்கமே ஆடுபவன் ஒவ்வோர் உயிரையும் பொருட்படுத்த வேண்டும் என்பது. சேமித்த நொடிக்குத் தாவுகிற சிறுவனுக்கு அந்த நோக்கம் சென்று சேர்வதில்லை. தவறுக்கு விலையில்லை என்றே அவன் விரல் கற்றுக்கொள்கிறது.

விலை உண்டு என்பதற்குச் சான்று தேடி நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் புள்ளலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பகைவரை அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியோ, பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளியச் செய்ததாக ஐகொளேக் கல்வெட்டில் பொறித்திருக்கிறான். வென்றதாக இரு சாராரும் எழுதிக்கொண்டனர். மாண்டவர்கள் எதுவும் எழுதவில்லை.

அதே புள்ளலூரில் 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மற்றொரு போர் நடந்தது. மைசூர் ஹைதர் அலி கருநாடகத்தின்மீது படையெடுத்திருந்த காலம். ஆங்கிலேயத் தளபதி மன்றோ பெரும்படையுடன் காஞ்சிபுரத்தில் இருந்தார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி மற்றொரு படையுடன் அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். ஆகஸ்டு 25ஆம் நாள் பெய்லி கொசத்தலையாற்றை அடைந்தார். ஆற்றில் அன்று நீர் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும், உடனே கடக்காமல், வடகரையிலேயே கூடாரம் அடித்தார். அவ்விரவு வெள்ளம் வந்தது. செப்டம்பர் மாதம் பிறக்கும்வரை அவரால் கடக்க இயலவில்லை. அந்த ஓர் இரவின் ஒத்திவைப்பே அவருக்குக் கூற்றாயிற்று. திப்பு இடைமறித்தார், பின்னர் ஹைதரும் வந்து சேர்ந்தார். புள்ளலூரில் நாற்புறமும் சூழப்பட்டு, வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்க, நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான அப்படை ஏறத்தாழ முழுவதும் மாண்டது அல்லது சிறைப்பட்டது. சில கல் தொலைவிலேயே இருந்த மன்றோ உரிய வேளையில் சென்று சேரவில்லை. பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். பெய்லி சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782இல் உயிர் நீத்தார்.

ஆற்றங்கரையில் நின்ற பெய்லிக்குத் திரும்பிச் செல்ல ஒரு பொத்தான் இருக்கவில்லை. அவரோடு மாண்ட சிப்பாய்களுக்கும் இருக்கவில்லை. அவர்களுள் பலர் இம்மண்ணின் மைந்தர். கூலிக்குத் துப்பாக்கி ஏந்தியவர். மறு ஆண்டு, 1781 ஆகஸ்டு 27 அன்று, அதே இடத்தில் மீண்டும் ஒரு போர் மூண்டது. அதில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவர்க்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் புள்ளலூரில் இன்றும் நிற்கின்றன. அத்தூண்களில் சிப்பாய்களின் பெயர்கள் இல்லை. இப்போர்களின் பின்னே பஞ்சம் வந்தது, வயல்கள் பாழாயின, தறிகள் நின்றன, மக்கள் ஊர்விட்டு ஓடினர். விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு. உண்மைப் போரில் பெயரற்றவர்களே பெரும்பாலும் மாள்கிறார்கள். இதைச் சிறுவனுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? நாமே.

இரண்டாம் கேடு: திருடிய அட்டை

எமுலேட்டரை எழுதுவது தன்னளவில் குற்றமன்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சோனி நிறுவனம் தொடுத்த வழக்கில் ஏறத்தாழ இக்கருத்துப்படவே தீர்ப்பளித்தது. ஆனால், விளையாட்டின் பிரதி வேறு செய்தி. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறைப்படி வாங்கியவர் தம் பிரதி கெட்டுப்போகாமலிருக்க ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடந்தருகிறது. வாங்காதவர் எடுத்துக்கொள்ள இடந்தரவில்லை. கடையில் ‘ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இலவசம்’ என்று கூறி நினைவட்டையுடன் விற்கிறார்களே, அவற்றுள் மிகப்பல உரியவரின் இசைவின்றி எடுக்கப்பட்டவை.

“பழைய ஆட்டந்தானே? யாருக்கு நட்டம்?” என்று கேட்போர் உண்டு. காஞ்சிபுரத்தார் இக்கேள்வியைக் கேட்கத் தகாது. நம் நெசவாளர் பல நாள் இருந்து வகுத்த கரையையும் முந்தானையையும் எங்கோ விசைத்தறியில் ஓட்டி, ‘காஞ்சிப் பட்டு’ என்று பெயரிட்டு மலிவாக விற்கும்போது நம் வயிறு எரிகிறதன்றோ? அதைத் தடுக்கவே கைத்தறிக்கு 1985இல் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் அட்டையைப் பிறர் எடுத்தால் திருட்டு. பிறர் அட்டையை நம் பிள்ளை எடுத்தால் விளையாட்டு என்பது எந்த அறத்தில் சேரும்? பழைய ஆட்டங்களுள் பல இன்று முறையான விலைக்குக் கிடைக்கின்றன. எவரும் இலவசமாய் ஆடலாம் என்று ஆக்கியோரே வழங்கியவையும் உண்டு. அவற்றைத் தேடிக் கொள்ளலாம்.

மூன்றாம் கேடு: மாறிய வரலாறு

2006இல் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வெளியான ‘ஜான் டார்க்’ என்னும் கையடக்க ஆட்டம் நம் புனிதையின் பெயரையே தாங்கியது. அதில் அவர் மந்திரக் காப்பு அணிந்து, ஆங்கிலேயரை ஆட்டுவிக்கும் பேய்களை வாளால் வீழ்த்துகிறார். கதைக்கு அது சுவையாயிருக்கலாம். உண்மையில் நடந்ததோ வேறு. 1431ஆம் ஆண்டு விசாரணையில், வாளைவிடத் தம் கொடியையே பன்மடங்கு விரும்பியதாகவும், எவரையும் கொல்லாதிருக்கவே கொடியைத் தாமே ஏந்திச் சென்றதாகவும், தாம் ஒருவரையும் கொன்றதில்லை என்றும் அப்பெண் சான்று பகர்ந்தார். அதே ஆண்டு மே 30 அன்று ரூவான் நகரில் எரிக்கப்பட்டார். தீர்ப்பு தவறென்று 1456இல் நீக்கப்பட்டது. 1920இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரது எதிரிகள் பேய்களல்லர். சட்டம் கற்ற மனிதர்கள், திருப்பணியாளர்களும் அவர்களுள் இருந்தனர். எதிரியைப் பேயாக்கிவிட்டால் கொல்வது எளிதாகிவிடுகிறது. ஆட்டம் பிள்ளைக்கு அறியாமல் கற்பிக்கும் பாடங்களுள் இதுவே மிகக் கொடியது.

எதிரியை மனிதனாகக் கண்ட வெற்றி ஒன்றும் நம் ஊரிலேயே உண்டு. 8ஆம் நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். அவனுடைய முன்னோரின் தலைநகராகிய வாதாபியை நூறாண்டுக்குமுன் பல்லவர் எரித்திருந்தனர். பழிவாங்க அவனுக்குக் காரணமும் இருந்தது, வலிமையும் இருந்தது. ஆனால், அவன் நகரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் பொறித்த தூணை இன்றும் அக்கோயிலில் காணலாம். அவனுடைய அரசி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில் காஞ்சிக் கோயிலின் சாயலையே கொண்டிருக்கிறது. வென்றவர் தோற்றவரிடம் கலை கற்றனர். நான் கண்ட போர் ஆட்டங்களில் வெட்டவும் எரிக்கவும் பொத்தான் உண்டு. கைப்பற்றியதைத் திருப்பிக் கொடுக்கப் பொத்தான் இல்லை.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலில், பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, “இது எப்படி ஆடுவது? எனக்குக் கற்றுக்கொடு” என்று கேளுங்கள். மூலையில் தனித்திருந்தவன் ஆசிரியனாகிவிடுவான். என்ன ஆடுகிறான் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நேரத்துக்கு எல்லை வையுங்கள். முறை மாற்றி ஆடும் ஆட்டத்தை எப்போது வேண்டுமாயினும் நிறுத்தலாம்; “இந்தச் சுற்று முடிந்ததும் எழுந்திரு” என்றால் அவனுக்கும் மனக்கசப்பு இராது. உணவு வேளையிலும் உறங்கும் வேளையிலும் பெட்டி மூடியிருக்கட்டும். இவ்விதி தந்தையின் கைப்பேசிக்கும் பொருந்தும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, சேமித்த நொடிக்குத் திரும்பாமல் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வீரனை இழந்தால் அந்த இழப்போடு ஆட்டத்தை முடிக்கட்டும். பொறுப்பு என்னும் சொல்லின் பொருள் அப்போது அவனுக்கு விளங்கும்.

நான்காவது, ஒரு விடுமுறை நாளில் புள்ளலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு யானையும் குதிரையும் போருமாக வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது, அதைக் காட்டுங்கள். கைலாசநாதர் கோயிலில் விக்கிரமாதித்தனின் எழுத்தைக் காட்டுங்கள். திரையில் கண்ட போரையும் மண்ணில் நடந்த போரையும் அவனே ஒப்பிட்டுக்கொள்வான். வீட்டுத் தரையில் ஆடு புலிக் கோடு ஒன்றும் போட்டுவையுங்கள். அதற்கு மின்சாரமும் வேண்டாம், எதிரே அமர ஒருவர் மட்டும் வேண்டும்.

போரை விளையாடும் பிள்ளையெல்லாம் போரை விரும்பும் மனிதனாகிவிடுவதில்லை. ஆனால், போரின் விலையை யாரும் சொல்லிக் கொடாத பிள்ளை, வளர்ந்தபின் அதை மலிவென்று நினைத்துவிடக்கூடும். பெட்டியைப் பிடுங்க ஒரு நொடி போதும். பக்கத்தில் அமர்ந்து விலையைச் சொல்லிக் கொடுக்கப் பல மாலைகள் வேண்டும். அந்த மாலைகளைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள், அன்புப் பெற்றோரே. கடந்துபோன மாலைக்குத் திரும்பிச் செல்ல நமக்கும் ஒரு பொத்தான் இல்லை.